வெண்கலத் தூள்

டுலூத்தில் மார்ச் மாதம் வசந்தம் அல்ல,
அழுக்கான குளிர்காலம்.
ஏரி தன் பனிக்கட்டியை இன்னும் விடவில்லை.
ஓரின் டால்பெர்க் கராஜ் கதவைத் தோள் கொடுத்துத் தூக்கினான்.
"மூன்று இருக்கு. எல்லாமே ஓடும்."

சரிவில் உருட்டினால் பாறாங்கல்லும் ஓடும்.

முதலாவது, முன்னும் பின்னும் இழுக்கிற பழைய ஹேக்ஸா.
திரும்பி வரும்போது அது பிளேடைத் தூக்க வேண்டும்.
தூக்கவில்லை.
செருப்பை இழுத்து நடப்பவனைப் போல
இரும்பைத் தேய்த்துக்கொண்டே வந்தது.
வேண்டாம் என்று சொல்லக்கூட இல்லை,
நகர்ந்துவிட்டேன்.

இரண்டாவது, பச்சை வட்ட ரம்பம், இத்தாலியச் சரக்கு, அழகி.
த்ரீ பேஸ் கேட்பாள்.
என் வீட்டுக்கு வருவதோ சிங்கிள் பேஸ்,
அதுவும் காற்றடித்தால் கண்ணை மூடிக்கொள்ளும்.
யானை வாங்கியபின் அங்குசத்துக்குக் கணக்குப் பார்ப்பவர்கள் உண்டு.
எனக்கு யானைச் சோற்றிலேயே இடித்தது.

மூன்றாவது, படுத்தவாக்கில் வெட்டும் சின்னப் பட்டை ரம்பம்.
பெயிண்ட் உரிந்த இடமெல்லாம் துரு.
நான் பெயிண்டுக்குக் காசு கொடுப்பதில்லை,
துருவுக்குக் காசு குறைப்பதுமில்லை.
சக்கர விளிம்பில் விரலை ஓட்டினேன், படி விழவில்லை.
பேரிங்குகளை நகத்தால் ஒவ்வொன்றாய்ச் சுற்றினேன்,
ஒன்று மட்டும் மணல் மென்றது.
போகட்டும்.
கோட்டுப் பையிலிருந்து என் இரும்புச் சட்டத்தை எடுத்தேன்,
இரண்டங்குலக் கனம்,
வைஸில் இறுக்கினேன்.

வெட்டி முடியும்வரை இருவரும் பேசவில்லை.
சுவரோரம் அட்டைப்பெட்டிகள்.
சிலவற்றில் "ஓரின்", சிலவற்றில் "ஜோலீன்",
இரண்டும் ஒரே கையெழுத்து, அவனுடையதல்ல.
தார்ப்பாய்க்கு அடியில் ஒரு படகு, பாதியில் நின்றது.

துண்டு விழுந்தது. சுவிட்ச் தானாக அணைந்தது.
வெட்டுமுகத்தில் மூலைமட்டத்தை வைத்து
ஜன்னலுக்கு எதிரே பிடித்தேன்:
அடியில் மயிரிழை வெளிச்சம்.
வைஸ் ஒரு பக்கம் தாழ்ந்திருக்கிறது,
ஒரு தகடு கொடுத்தால் தீர்ந்தது.

பிறகுதான் கியர்பாக்ஸ் மூடியைத் திறந்தேன்.
எண்ணெயில் குச்சியை விட்டேன்.
பொன்னாக வந்தது.

உள்ளே வெண்கலச் சக்கரம்
தன்னைத்தானே அரைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.
"பல் போச்சு," என்றேன். "சக்கரமே நூறு டாலர் ஆகும், கிடைத்தால்."
ஓரின் குனிந்து பார்த்தான்.
பொன்னைப் பார்த்தவன் முகமாக இல்லை அது.
இருநூறு கேட்டிருந்தவன் நூற்றிருபதுக்குத் தலையாட்டினான்.
வெள்ளிக்கிழமைக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டுமாம்.
தூக்கி ஏற்றவும் கை கொடுத்தான்.

அன்றிரவே எண்ணெயை வடித்து, மண்ணெண்ணெயில் கழுவினேன்.
சக்கரத்தில் பற்கள் முழுசாக,
பால்பல் கூட அவ்வளவு கச்சிதமாக இருக்காது.
அப்படியானால் தூள்?
மூடியைத் திருப்பினேன்.
ஓரத்தில் திருகில்லாத ஒரு துளை.
அதன் உதட்டில் ஒட்டியிருந்தது பித்தளைச் சுருள்.
படகுக்குக் கைப்பிடிக் கம்பி அறுத்திருக்கிறான்.
அது சிந்தி உள்ளே போயிருக்கிறது.

மார்னி கேட்டாள், "ஏமாத்தினியா?"
"இல்ல. ஏமாந்தேன்.
ஆனா என் பக்கமா."

நான்கு இருபது டாலர் நோட்டை ஒரு கவரில் போட்டேன்.
வியாழன் பனி கொட்டியது.
வெள்ளி எனக்கு இரட்டை ஷிப்ட்.
சனியன்று போனபோது கதவில் வேறு பூட்டு,
முற்றத்தில் படகு இருந்த அளவுக்கு மட்டும்
பனியில்லாத தரை.

கவர் பட்டறை மேஜையில் கிடந்தது, ஏப்ரல் முழுக்க.
ஒருநாள் ட்ரெய்லர் சட்டம் ஒன்றை அவசரமாய் வெட்ட வேண்டியிருந்தது,
தகடு தேடினேன், கைக்கு அகப்படவில்லை.
கவரை வைஸின் தாழ்ந்த பக்கத்தில் செருகி இறுக்கினேன்.

வெட்டினேன். மூலைமட்டம் வைத்தேன்.
வெளிச்சமே இல்லை.