பத்தில் மூன்று

பன்க்ஸியா வீதியின் நடுவால்
ஒரு கோடு போகிறது.
தாரின்மேல் தேடாதீர்கள், தெரியாது.
கன்பராவில் யாரோ ஒருவரின் திரையில் இருக்கிறது.
கோட்டுக்கு இந்தப் பக்கம் நாங்கள்: பத்தில் மூன்று.
அந்தப் பக்கம் அவர்கள்: பத்தில் ஆறு.
வரைபடத்தில் எங்களுக்கு அடர்ந்த ஊதா,
அவர்களுக்கு வெளுத்த மஞ்சள்.

குப்பைத்தொட்டிகளுக்கு இந்த விபரம் எட்டவில்லை.
திங்கள் இரவுகளில் இரு கரையிலும்
ஒரே சிவப்பு மூடியோடு நிற்கின்றன.

ஆகஸ்ட் மாதம் எனக்குக் கணக்கெடுக்கும் வேலை.
கழுத்தில் அட்டை, கையில் படிவம்,
நாய்க்குப் பயந்த கால்.

பதினான்காம் இலக்கத்து யோகலிங்கம்
'தொழில்' என்ற கட்டத்தின் முன்
வெகுநேரம் பேனையோடு நின்றார்.
நில அளவையாளர் என்று எழுதி,
வெட்டி,
டாக்சி என்று எழுதினார்.
வெட்டிய கோடு
அடிமட்டம் வைத்ததுபோல் நேராயிருந்தது.

பதினாறில், கராஜுக்குள்
ஒரு மெத்தை, ஒரு ஹீட்டர், பிபேக்.
"என்னை எழுதாதீர்கள் தீதி,
வீட்டுக்காரருக்குப் பிரச்சினை வரும்."
படுக்கையறை எத்தனை?
மூன்று, என்றார் வீட்டுக்காரர்.
கார்?
இரண்டு.
அவை இரவில் எங்கே நிற்கின்றன என்று
படிவம் கேட்கவில்லை.
நானும் கேட்கவில்லை.

மஞ்சள் பக்கத்தில்
இரண்டு பழைய வீடுகளை இடித்து நான்கு கட்டினார்கள்.
ஒரு பல்மருத்துவர் வந்தார், வங்கிக்காரர் இருவர் வந்தார்கள்,
ஆறு வந்துவிட்டது.
நடுவில் அகப்பட்ட மிஸிஸ் ஹலோரன்
வீட்டுக்குள்ளேயே குளிரங்கியும் தொப்பியுமாய்
கதவைத் திறந்தாள்.
பென்ஷன் மட்டும், என்றாள்.
பல்மருத்துவரின் சராசரியை
அவளும்தான் போர்த்தியிருக்கிறாள்.
குளிருக்கு அது காணாது.

ஊரிலும் எங்கள் ஆட்கள் நேரே கேட்பதில்லை.
"கோயிலடியா, குளத்தடியா?" என்பார்கள்
தேநீர் ஊற்றியபடி.
பதிலைப் பொறுத்துக் கோப்பை மாறும்.
போன சனிக்கிழமை கல்யாண மண்டபத்தில்
பட்டுச்சேலைக்காரி ஒருத்தி:
"எந்த சபேர்ப்?"
பெண்டில் ஹில்.
"ஓ. ரயில்பாதைக்கு எந்தப் பக்கம்?"
அங்கே எல்லாருக்கும் கடதாசிக் கோப்பைதான்.
ஆனாலும் அவள் கண்
என் நெற்றியில் ஒரு கட்டத்தைத் தேடி
டிக் போட்டதைப் பார்த்தேன்.
பிறகு வடை வந்தது. இரண்டு எடுத்தேன்.

கடைசியில் என் வீட்டுப் படிவம்.
வார வருமானம் எவ்வளவு?
இந்த ஆறு கிழமைக்கு மட்டும்
ஒரு படி மேலே நிற்கிறேன்.
சனத்தை எண்ணியதற்குக் கிடைத்த காசை
சனத்தோடு சனமாய் எழுதினேன்.
அதனால் எங்கள் பக்கம் நான்காகுமென்றால்
அடுத்த மாதம் யார் வந்து
திருப்பி இறக்குவார்கள்?
அதற்கு ஐந்து வருடம் பொறுக்கவேண்டும்.

திங்கள் இரவு, பத்து மணி.
கராஜ் கதவு அரைவாசி உயர்ந்து
பிபேக் குனிந்து வெளியே வருகிறான்.
ரோட்டைத் தாண்டிப் போய்
ஹலோரனின் தொட்டியை இழுத்து வந்து வைக்கிறான்.
ஒரு சில்லு உடைந்த தொட்டி.
மூன்றிலும் ஆறிலும்
நாய்கள் குரைக்கின்றன.