நானூத்தி இருபது

தினமும் ஐந்து வீடுகள்.
தெருவிலிருந்து எடுத்த படம், கீழே ஒரு கோடு,
கோட்டில் ஒரு பொத்தான்.
விரலால் இழுத்து விலையில் நிறுத்த வேண்டும்.
இரவுச் சாப்பாடு முடிந்து தட்டு காய்வதற்குள்
அமல்தாஸ் போனை எடுத்துவிடுவான்.

எந்த வீடு வந்தாலும்
நானூத்தி இருபதாயிரம் டாலர்.
மூன்று கராஜ் வைத்த ஓக்வில் மாளிகைக்கும் அதுதான்,
ஜன்னலில் பலகை அடித்த பார்ட்டன் தெரு வீட்டுக்கும் அதுதான்.
"சரியான ஃபோர் ட்வெண்டி நீ" என்பேன்,
எங்கள் ஊரில் ஏமாற்றுக்காரனுக்கு அந்தப் பெயர்.
மகள் வேறு காரணத்துக்குச் சிரிப்பாள்.
அவள் பள்ளியில் அது புகைகிற எண்.

எண் எங்கிருந்து வந்தது என்று பேசுவதில்லை.
ஷெர்மன் அவென்யூ, 2016 மார்ச்,
முன்னால் மேப்பிள் ஒன்று சாய்ந்து நின்ற வீடு.
நானூத்தி இருபது எழுதிக் கொடுத்தோம்,
கூடவே ஒரு கடிதம்:
எங்கள் மகளுக்கு ஐந்து வயது,
உங்கள் மரத்தை அவளுக்குப் பிடித்திருக்கிறது.
நானூத்தி அறுபத்தொன்றுக்குப் போய்விட்டது.
மகளுக்கு இப்போது
மரம் ஞாபகமில்லை.

எனக்கு வீடு தெரியும், விலை தெரியாது.
ஏழு வருடம் பார்சல் வேன்.
படியைக் காட்டினால் தெருவைச் சொல்வேன்:
இது கேஜ் பார்க்குக்குக் கிழக்கே, கைப்பிடி ஆடும்.
இங்கே மணி அடிக்காது, கதவைத் தட்டணும்.
இது மலைமேல்
(ஹாமில்டனில் முந்நூறடி மேட்டுக்கு மலை என்று பெயர்,
பொதிகையைப் பார்த்து வளர்ந்தவள்
சிரிக்காமல் அதைச் சொல்ல இரண்டு வருடம் ஆனது).
இங்கே நாய் உண்டு.
இங்கே நாய் ஜாக்கிரதை என்ற பலகை மட்டும் உண்டு.

விளையாட்டு இதில் ஒன்றையும் கேட்பதில்லை.

நேற்று மூன்றாவது வீடு.
செங்கல், பச்சைக் கதவு,
நீலக் குப்பைத்தொட்டி கவிழ்ந்து கிடக்கிறது,
ஓரத்தில் பாதி வேன்.
படியில் ஒருத்தி குனிந்திருக்கிறாள்.
முகத்தை மெழுகிவிட்டிருக்கிறார்கள்.
காலுறை ஒன்று கறுப்பு, ஒன்று சாம்பல்.
"அம்மா, அது நீ."
அமல்தாஸ் படத்தைப் பெரிதாக்கினான்.
பெரிதாகப் பெரிதாக
நான் சதுரம் சதுரமாக உதிர்ந்தேன்.

அந்த வீட்டுக்குள் போயிருக்கிறேன்,
ஏழு வருடத்தில் அது ஒன்றுதான்.
காலில் மாவுக்கட்டு, டெனிஸ் என்று கையெழுத்துப் போடுவாள்.
பெட்டியை உள்ளே வைக்க முடியுமா என்றாள்.
கூடாது. வைத்தேன்.
முன்னறையில் ஒரு நாற்காலி இல்லை.
நடுவில் ஒரு பானை, கல்யாணத்துக்கு சாம்பார் வைக்கிற அளவு,
கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.
இரண்டு சொட்டுக்கு நடுவே
நன்றி சொன்னாள்.

நான் ஐந்நூறு என்று நினைத்து
பானைக்காக ஐம்பது குறைத்தேன்.
அமல்தாஸ் வழக்கம்போல்.
மகள் சரியாகப் பார்க்காமலே தொள்ளாயிரம் என்றாள்.
எண்ணூத்தி எண்பத்தைந்து.
அவளுக்குத் திரையில் பச்சை நட்சத்திரம் கொட்டியது.

பானை படத்தில் இல்லை, சரி.
படத்தில் இருக்கிற நான் விலையில் உண்டா என்று கேட்டேன்.
"பார்சல் வேன் நின்றால் பத்தாயிரம் குறையும்"
என்றான், தட்டைத் துடைத்துக்கொண்டே.
சிரித்தோம்,
வேண்டியதைவிடக் கொஞ்சம் நேரம்.

படுத்த பிறகுதான் பெட்டி ஞாபகம் வந்தது.
பதினொரு கிலோ. இடப்பக்கம் கனம்.
என்ன இருந்ததென்று தெரியாது, கை மட்டும் சொல்கிறது.
இதை எந்தக் கோட்டில் இழுத்து நிறுத்துவது?

இன்று முதல் வீட்டுக்கு
அமல்தாஸின் விரல் நானூத்தி இருபதைத் தாண்டியது.
மகள் மேசையைத் தட்டினாள், போ, போ என்று.
மெல்ல ஊர்ந்து
நானூத்தி அறுபத்திரண்டில் எடுத்தான் விரலை.

படத்தில் என்ன வீடு என்று
நான் பார்க்கவில்லை.