25-41 ஸ்டென்ஸ்ருட்

மொன்டானாவில், ஜூடித் கேப்புக்கு வடக்கே,
காற்று ஒருநாளும் ஓயாத மேட்டில்
ஹால்வர் ஸ்டென்ஸ்ருட்டின் கராஜ்.
சனிக்கிழமை ஏலம்.
வியாழன் மதியம் பட்டியல் எழுத வந்திருக்கிறேன்.

டிராக்டர் டயர் இரண்டு, லேத் ஒன்று,
பனிச்சங்கிலி, கால் உடைந்த தேன்பெட்டி.
இவற்றுக்கெல்லாம் பெயர் சுலபம்.
எண்பத்தெட்டாம் எண்ணில் பேனா நின்றது.
சுருட்டுப் பெட்டியில் பத்தொன்பது தோட்டாக்கள்.
மூடியில் பென்சிலால்: 25-41 ஸ்டென்ஸ்ருட்.

ஒன்றைக் கவிழ்த்து அடியைப் பார்த்தேன்.
ஆலை அடித்த முத்திரை முப்பது-பூஜ்யம்-ஆறு என்கிறது.
கழுத்தோ ஒடுங்கி, தோள் கீழே இறங்கி,
அது வேறு யாரோ.
பிறந்த பெயர் பாதத்தில்,
வாழ்ந்த பெயர் அட்டை மூடியில்.
எந்த ஆலையும் செய்யாதது,
ஒருவன் தன் கராஜில் தானே அழுத்தி எடுத்தது.
இங்கே அதைக் காட்டுப்பூனை என்பார்கள்.

இருபது வருட ஏலத்தில் நான் படித்த இலக்கணம் இவ்வளவுதான்:
முப்பது-முப்பதில் இரண்டாம் முப்பது மருந்தின் எடை,
கோதுமை மணிக் கணக்கில்.
முப்பது-பூஜ்யம்-ஆறில் அந்த ஆறு ஒரு வருடம்,
ராணுவம் கைநீட்டி வாங்கிய வருடம்.
இருநூற்றைம்பது-மூவாயிரத்தில் மூவாயிரம் வேகம்,
நொடிக்கு இத்தனை அடி என்று
விற்றவன் மார்தட்டியது.
இருபத்திரண்டு-இருநூற்றைம்பதில் பின்னால் நிற்பது தாய்,
எந்த உறையின் கழுத்தை நெரித்து இது பிறந்ததோ அந்த உறை.
ஐரோப்பாவில் ஏழு, ஒரு பெருக்கல் குறி, ஐம்பத்தேழு:
அகலம், நீளம், மில்லிமீட்டர், பேச்சு முடிந்தது.
எங்கள் ஆட்கள் கோட்டுக்கு அந்தப்பக்கம்
அவரவர் மனசுக்குப் பட்டதை எழுதுவார்கள்.

அப்படியானால் நாற்பத்தொன்று?

மகள் கோரின் ஃபோனில் யோசித்தாள்.
"பிறந்த வருஷமோ? இல்லை, அப்பா முப்பத்தாறு."
பக்கத்துப் பண்ணை லைல் டக்கெட்,
தொப்பியைக் கழற்றாமலே, மருந்தின் எடைதான் என்றார்.
குறிப்பேட்டைத் திறந்தால்
எடை எழுதிய பக்கங்களை எலி தின்றிருந்தது.
தோளின் சாய்வோ என்று கோணமானி வைத்தேன்.
முப்பத்தைந்து.

துப்பாக்கியையும் கேட்க முடியாது.
மார்ச்சில் ஹால்வரே விற்றுவிட்டார்,
யாருக்கென்று எழுதி வைக்கவில்லை.
உலகத்தில் இந்தப் பத்தொன்பதும் நுழையக்கூடிய ஒரே அறை
ஐடஹோவிலோ வயோமிங்கிலோ யாரோ ஒருவரின் அலமாரியில்,
என்ன தின்பதென்று தெரியாமல்.

சாயங்காலம் லேத்துக்கு அடியில்
ஒரு காப்பி டின் காலில் இடறியது.
உள்ளே கழுத்து கிழிந்த, தோள் பிளந்த உறைகள்.
தரையில் கொட்டி எண்ணினேன்.
நாற்பதாக இருக்கும் என்று
மனசு முன்கூட்டியே தீர்ப்பு எழுதியிருந்தது:
நாற்பது கிழிந்தன, நாற்பத்தொன்றாவது நின்றது.
கோரினிடம் சொல்ல நல்ல கதை.

நாற்பத்தேழு.

மறுபடி எண்ணினேன். நாற்பத்தேழு.

இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது?
முப்பத்தெட்டு என்று ஊரெல்லாம் அழைப்பது
அளவுக்கருவியின் வாயில் முப்பத்தாறைக்கூட எட்டாது.
நாற்பத்துநான்கு, நாற்பத்துமூன்றுக்கு ஒரு மயிரிழை குறைவு.
இந்த இருபத்தைந்தே கால் அங்குலத்தைத் தாண்டித்தான் கிடக்கிறது.
நாக்குக்கு வாகானது நிலைக்கிறது.
நாற்பத்தேழைச் சொல்லிப் பார்த்தேன்,
அவ்வளவு மோசமாகவும் இல்லை.

எழுதினேன்:
எண் 88. தோட்டா, பத்தொன்பது. 25-41 ஸ்டென்ஸ்ருட்.
அடிமுத்திரையை நம்ப வேண்டாம். எதிலும் போட்டுச் சுட வேண்டாம்.
எண் 89. பழைய பித்தளை, எடைக்கு.

எண்பத்தொன்பதை அடித்துவிட்டு
டின்னை வண்டியின் முன்சீட்டில் வைத்தேன்,
கோரின் வீட்டு வழியாகத்தான் போகிறேன்.
சரளைச் சாலையில் பள்ளம் வரும்போதெல்லாம்
நாற்பத்தேழும் ஒன்றாகப் பேசின.