விட்டால் நிற்க வேண்டும்

விசையை விட்டால் மோட்டார் நிற்க வேண்டும்.
அதற்காகத்தான் நாலாயிரம் கூடக் கொடுத்து
இந்தப் பிரஷர் வாஷரை வாங்கினோம்.
விட்ட பிறகும்
ஒன்பது விநாடிக்கொரு தடவை
முற்றத்தில் தனியே கிடந்து ட்ர்ர் என்கிறது,
சண்டை முடிந்து படுத்த பிறகும்
ஒரு சொல் மிச்சம் வைத்திருப்பவரைப் போல.

"நீ இழுத்த இழுவைக்கு ஹோஸ் கிழிஞ்சிருக்கும்."
சொல்லிவிட்டு சத்தியசீலன்
பொகவந்தலாவை டவுன் பக்கம் வேனை இறக்கினார்.
பள்ளிக்கூட வேன். மூன்று நாள் சேறு.
பின்கண்ணாடிச் சேற்றில் எந்தப் பிள்ளையோ
விரலால் போட்ட கணக்கு:
7 x 8 = 54.

ஹோஸுக்கடியில் பழைய பேப்பர் விரித்தேன்.
ஒரு சொட்டு விழுந்தாலும் ஊறித் தெரியும்.
மூட்டுக்கு மூட்டு டோர்ச் அடித்துக் குந்தியிருந்தேன்.
அமைச்சர் ஒருவரின் நெற்றிகூட நனையவில்லை.
அதற்குள் மேல்மலையிலிருந்து பனி இறங்கி
எல்லாப் பக்கத்தையும் ஒரே சீராக நனைத்துவிட,
மறுபடி முதலிலிருந்து.

ஹோஸில் ஒழுக்கில்லை. துப்பாக்கியிலும் இல்லை.
அப்படியென்றால் உள்ளே.

பிளக்கைப் பிடுங்கினேன். பைப்பை மூடினேன்.
விசையை ஒருமுறை அழுத்தி
அடைந்து கிடந்ததை வெளியே விட்டேன்.
பூனைத் தும்மல் மாதிரி ஒரு சத்தம்.

ஆணிக்கெல்லாம் நட்சத்திரத் தலை.
போன் கடை டிலுக்ஷனிடம் இருந்த சாவி
நுளம்புக்குக் காது குத்தலாம், அவ்வளவு சின்னது.
கொழுந்து லொறி பியசிறிதான்
சீட்டுக்கடியிலிருந்து ஒரு துணிமூட்டையை உருவினார்.
"ஸ்பிரிங் பாயும், கவனம்" என்றார் சிங்களத்தில்.
பாய்ந்தது.
கோழிக்கூட்டுக்கடியில் கால் மணி நேரம்.

தண்ணீர் ஏறும் வாயில் ஒரு வலை இருக்க வேண்டும்.
இல்லை.
போன கிழமை, "பீலித் தண்ணிக்கு வேகம் பத்தல" என்று
இடுக்கியால் அதைப் பிடுங்கிச்
சன்னல் கட்டையில் வைத்தது என் கையல்ல.
இணைப்பு ஒழுகுதென்று
வெள்ளை டேப்பைப் பத்துச் சுற்றுச் சுற்றியதும்.

பித்தளை வால்வைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தேன்.
வாய் மூடும் இடத்தில்
குருணையளவு வெள்ளைப் பிசிறு.
டேப்.
அந்த இடைவெளியால்தான்
அழுத்தம் மெல்லப் பின்னுக்கு நழுவி,
குறைந்துவிட்டதென்று சுவிட்ச் பதறி,
மோட்டார் எழும்பி, நிறைத்து, படுத்து,
திரும்பவும் ஒன்பது விநாடி.

ஊசி முனையால் எடுத்தேன்.
வலையைப் பல்பிரஷ்ஷால் தேய்த்து இருந்த இடத்தில் வைத்தேன்.
ஓ-ரிங்குக்குத் தேங்காயெண்ணெய் ஆகாதாம்,
பியசிறியின் டப்பாவிலிருந்தே ஒரு விரல் கிறீஸ்.
பூட்டி முடித்தால்
ஓர் ஆணி மிச்சம்.
எல்லாவற்றையும் மறுபடி கழற்றினேன்.

நாலு மணிக்கு வேன் வந்தது.
அவரே அடித்தார்.
மட்காட்டிலிருந்து சேறு ரொட்டி ரொட்டியாய்க் கழன்றது.
பின்கண்ணாடிக் கணக்கு
யாரும் திருத்தாமலே போனது.

விசையை விட்டார். நின்றது.
பத்துவரை எண்ணினார். இருபதுவரை.
"ஹோஸ்தானே?" என்றார்.

என் கையில் தீப்பெட்டி. அதற்குள் பிசிறு.
வாய்வரைக்கும் வந்தது.

"ம்" என்றேன்.
தீப்பெட்டியை மட்டும்
சன்னல் கட்டையில்,
வலை கிடந்த அதே இடத்தில் வைத்தேன்.