2003 ஜனவரி ஒன்று, அஜ்மான்

அபாயாவுக்குப் பூவேலை செய்யும் கடை.
பன்னிரண்டு ஊசி மிஷின்
நேற்று அஸரிலிருந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது.
அதை மேய்க்கும் கம்ப்யூட்டரில்
ஹார்ட் டிஸ்க் போய்விட்டது.
புதுசு மாட்டினேன்.
ஆனால் பூ வரையும் சாஃப்ட்வேருக்கு
எக்ஸ்பி தவிர எதுவும் இறங்காது.

பெருநாளுக்கு ஒன்பது நாள்.
செய்யது நயினா என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார்.
அவர் நிற்பது காதில் கேட்கிறது.

அவர் கொடுத்த சிடி சுற்றியது, யோசித்தது, நின்றது.
கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு
சிமிட்டிக்கொண்டே இருந்தது.
லேப்டாப்பில் போட்டுப் பார்த்தால்
உள்ளே ஒரே ஒரு கோப்பு.
எவனோ பிரிக்காமல்
பொட்டலமாகவே எழுதி வைத்திருக்கிறான்;
அரிசியைச் சாக்கோடு உலையில் இறக்கிய மாதிரி.

அடுத்தது என் சிடி.
நாலு வேகத்தில் பொறுமையாய் எழுதியது.
அதையும் டிரைவ் மென்று பார்த்துத் துப்பியது.
கழற்றினேன். லென்ஸில் மணல்.
மணல்கூட இல்லை, சனய்யாவின் மாவு.
காது குடையும் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு
குழந்தை கண்ணில் விழுந்ததை எடுப்பதுபோல் எடுத்தேன்.

ஒரே ரிப்பன் கேபிளில்
புது டிஸ்கும் பழைய டிரைவும்
நான்தான் மாஸ்டர் என்று உட்கார்ந்திருந்தன.
“ஒரு கடைக்கு ஒரு அர்பாப்தானே” என்றார் நயினா.
மூக்குத்தித் திருகாணி அளவு ஜம்பர்.
இடம் மாற்றினேன். ஒன்று பணிந்தது.

பிளக்கைப் பிடுங்கி மாட்டும் ஒவ்வொரு தடவையும்
சிடியை முதலில் பார் என்று நான் சொல்லி வைத்ததை
மிஷின் மறந்துபோனது.
தேதியும் 2003 ஜனவரி ஒன்றுக்கே திரும்பியது.
மதர்போர்டில் பேட்டரி இருக்கவேண்டிய இடத்தில்
வெறும் குழி.
கிராசரியில் மூன்று திர்ஹம். போட்டேன்.

பிறகுதான் அந்த வரி வந்தது:
சிடியிலிருந்து தொடங்க ஏதாவது ஒரு விசையை அழுத்து.
பக்கத்தில் புள்ளிகள், ஒவ்வொன்றாக.
அழுத்தினேன். எல்லாவற்றையும் அழுத்தினேன்.
நயினாவும் கை நீட்டித் தன் பங்குக்கு ஒன்றை அழுத்தினார்.
புள்ளிகள் தீர்ந்தன.
பயாஸுக்குள் சொன்னபடி கேட்ட யூஎஸ்பி கீபோர்டு
வாசல் தாண்டியதும் செவிடாகியிருந்தது.

பக்கத்து டைப்பிங் சென்டரில்
ஊதா முனைக் கீபோர்டு ஒன்று இரவல் கிடைத்தது,
அரபி எழுத்து பாதி தேய்ந்தது.
அதில் ஸ்பேஸ் தட்டியதும்
நீலம் வந்தது. கடவுளே, நீலம்.

இன்னும் முப்பத்தொன்பது நிமிடம் என்றது.
அது சொன்ன முப்பத்தொன்பதில்
இரண்டு கரக் குடித்தோம்.
எந்த ஊர் நேரம் என்று கேட்டது: அபுதாபி, மஸ்கட்.
இன்றைய தேதியைச் சரியாகக் கொடுத்தேன்.

சாஃப்ட்வேர் திறக்கவில்லை.
உரிமம் 2008இல் முடிந்துவிட்டதாம்.
விற்ற கம்பெனி அதற்கும் முன்பே முடிந்துவிட்டது.

நயினா மேசை இழுப்பறையைத் திறந்தார்.
ஊசிப் பெட்டிக்கு அடியில், டேப் சுற்றி,
பழைய பேட்டரி.
“நான்தான் தம்பி கழற்றி வச்சேன்.
தினம் ராத்திரி பிளக்கைப் பிடுங்கிட்டுத்தான் பூட்டுவேன்.”

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.
விசாவில் நான் கொத்தனார்;
பத்து வருஷமாக ஒரு செங்கல் தொட்டதில்லை.
அதை அவரும் கேட்டதில்லை.

மூன்று திர்ஹத்தை நகத்தால் நெம்பி எடுத்தேன்.
ஜனவரி ஒன்று பிறந்தது.
பன்னிரண்டு ஊசியும் ஒன்றாய்க் குனிந்தன,
கறுப்புத் துணியில் கறுப்பு நூலால்
சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற கொடி.

பஸ் ஏறிய பிறகு ஞாபகம் வந்தது,
என் சிடி உள்ளேயே இருக்கிறது.
இருக்கட்டும்.
காலையில் அது சிடியைத் தேடாது.
தேடச் சொன்னதே மறந்திருக்கும்.