இருபத்தெட்டாம் நாள்

என் மேசைக்குப் பின்னால் ஒரு தொட்டி.
மீன் வளர்க்கிறேன் என்று நினைத்து
எட்டிப் பார்ப்பார்கள், கட்டணம் கட்ட வருகிறவர்கள்.
உள்ளே க்யூப்கள்.
முதுகில் வார்த்த தேதியோடு
அசையாமல் ஊறிக்கிடக்கும் கான்கிரீட் கட்டிகள்.
ஒவ்வொன்றும் ஏதோ ஒரு தூணின் சதை என்று
நம்புவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

கோரையாற்றுக் கடைமடையில் ஓர் அங்கன்வாடி.
தூண் வார்த்த கலவை என்று
காண்ட்ராக்டர் குணசீலன் ஆறு க்யூப் அனுப்பியிருந்தார்.
எம் இருபது.
நானூற்றைம்பது கிலோநியூட்டன் தாங்கினால் போதும்.
முள் நானூற்றைம்பதைக் கடந்தது,
அறுநூறைக் கடந்தது,
எண்ணூற்று நாற்பதில்தான்
முதல் கல் விலாவைத் திறந்தது.
ஆறும் அப்படியே.
எனக்கு வயிற்றைப் பிசைந்தது.
கேட்டதைப்போல் இரண்டு மடங்கு கொடுக்கும் காண்ட்ராக்டரை
பதினொரு வருடத்தில் நான் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை, மன்னார்குடி ஸ்டாண்டில்
முத்துப்பேட்டை பஸ் ஏறினேன்,
மடியில் மூன்று பிளாஸ்டிக் அச்சுகள்.
"கேக் செய்யவாம்மா?" என்றார் கண்டக்டர்.
ஆமாம் என்றேன்.

அன்று தளம் வார்க்கும் நாள்.
மூட்டை ஓரத்தில் அச்சிட்டிருந்த வாரம்
போன மார்கழி. இது ஆனி.
நல்ல சிமெண்டுக்குள் கை விட்டால் குளிரும்.
இது விரலில் இடித்தது.
மணலை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தேன்,
வண்டல் ஒட்டிக்கொண்டது.
நெல்லுக்கு இதைவிட நல்ல மண் கிடையாது.
தளத்துக்கு இதைவிடக் கெட்டது கிடையாது.
போர் தண்ணீரை நாக்கில் வைத்தேன்.
கரித்தது.
முந்நூறடி தள்ளி இறால் குட்டை.
கம்பிக்கு வாயில்லை, அது துருவால்தான் பேசும்,
அதற்குப் பத்து வருடம் ஆகும்,
அதற்குள் எத்தனை பிள்ளைகள்
அதன் கீழே சத்துமாவு உருண்டை தின்றிருக்கும்.

மிக்ஸருக்குத் தண்ணீர் ஊற்றியவள் தையல்நாயகி.
எத்தனை குடம் என்று கேட்டேன்.
"கொழகொழன்னு இருந்தாதான் கொத்தனாருக்குச் சுளுவு.
இன்னொண்ணு ஊத்துன்னா ஊத்துவேன்.
எனக்கு எண்ணத் தெரியும்.
இதுவரைக்கும் யாரும் எண்ணச் சொல்லல."
எண்ணு என்றேன்.

கூம்பில் கலவையை நிரப்பி, குத்தி, தூக்கினேன்.
நிற்கவில்லை.
பாயை விரித்ததுபோல் படுத்துக்கொண்டது.

மேட்டூர் திறந்து பத்தொன்பது நாள்,
வாய்க்காலில் இன்னும் தலை காட்டவில்லை,
நாற்றங்கால் பாளம் பாளமாய் வெடித்திருக்க
மிக்ஸருக்குள் மட்டும் வெள்ளம்.
மறுநாளிலிருந்து தளத்தின்மேல்
வரப்பு கட்டித் தண்ணீர் தேக்க வேண்டும்.
வரப்பு கட்டத் தெரியாத கை
இந்த ஊரில் உண்டா?
யாரும் கட்டவில்லை.
மதிப்பீட்டில் அதற்கும் கூலி போட்டிருந்தது.

என் மூன்று க்யூப்களை
இரண்டு நாள் கழித்து அதே கண்டக்டர் இறக்கி வைத்தார்.
"உங்க கேக் கனக்குதும்மா."

தொட்டியில் விட்டேன்.
ஆடி வந்தது. வாய்க்காலிலும் வந்தது, கணுக்கால் அளவு.
இருபத்தெட்டாம் நாள் முள்
இருநூற்றறுபதில் நின்றது.
பெரிய சத்தமில்லை,
ஈரத்தில் வைத்த பொரிவிளங்காய் உதிர்வதுபோல்.
இதுவும் சலுகை மதிப்பெண்தான்.
தொட்டியில் இவை குடித்ததை
அந்தத் தளம் ஒரு நாளும் குடிக்கவில்லை.

எங்கள் அறிக்கையின் அடியில்
பொடி எழுத்தில் ஒரு வரி எப்போதும் இருக்கும்:
தரப்பட்ட மாதிரிக்கு மட்டுமே இம்முடிவு பொருந்தும்.
அந்த வரிக்குப் பின்னால்
பதினொரு வருடம் பத்திரமாக உட்கார்ந்திருந்தேன்.

மாதிரி எடுத்தவர் என்ற கட்டத்தில்
என் பெயரை எழுதினேன்: ஆ. பிலோமினா.
குறிப்பு என்ற கட்டத்தில்,
தையல்நாயகி போனில் சொன்னபடி:
மூட்டைக்கு நாலு குடம்.
இரண்டு போதும்.