பேத்தை பொறுக்குதல்

கற்பிட்டியிலிருந்து வரும் நெத்தலிச் சாக்கில்
நெத்தலி மட்டும் வருவதில்லை.

மஸ்கெலியா பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே
நிஸ்தார் முதலாளியின் கடைப் பின்கட்டில்
காலை ஏழு மணிக்குச் சாக்கின் வாயைப் பிரிக்கிறேன்.
என் வேலை பேத்தை பொறுக்குவது.
சுண்டுவிரல் நகமளவு பேத்தை,
செத்த பிறகும் வயிற்றுக் காற்றை விடாத பேத்தை.
ஒன்று தப்பினால் ஒரு வீட்டுச் சட்டி கெட்டது.
இரண்டு வருசத்துக்கு முன்னால் மேற்பிரிவில் ஒரு பிள்ளைக்கு
உதடு மரத்து, நாக்கு மரத்து,
போன மூச்சு கடைசி நேரத்தில் திரும்பி வந்ததாம்.
அதற்குப் பிறகுதான் என்னைச் சேர்த்தார்:
ஜெசிந்தா, உனக்குக் கண் நல்லாத் தெரியுமா?
தெரியும் என்றேன்.
ஒரு சாக்கில் எத்தனை ஆயிரம் கண்கள்,
ஒன்றுகூட மூடியதில்லை.

பொறுக்கியதைக் கடைக்குப் பின்னால்
குழி தோண்டிப் புதைத்து மேலே கல் வைக்கிறேன்,
பூனைக்காக.
இந்த ஊரில் கடல் மீனுக்கு
ஒரு மயானம் இருப்பது எனக்கும் பூனைக்கும்தான் தெரியும்.

பேத்தை தேடும் கைக்கு மற்றதெல்லாம் அகப்படும்.
தன் மையைத் தானே பூசிக்கொண்ட கணவாய்க் குஞ்சு.
ஒரு பக்கம் மட்டும் முகமுள்ள நாக்குமீன்.
எந்தப் பக்கம் போவதென்று
முடிவெடுக்காமலே காய்ந்துபோன நண்டு.
அதெல்லாம் நிறைக்குள் போகட்டும் என்பார் முதலாளி.
யாரோ வீட்டுச் சோற்றில்
கறுக்கென்று ஒரு சத்தமாகப் போகும்.
ஒரு நாள் கடல்குதிரை.
தராசில் வைத்தேன். முள் அசையவில்லை.
அதை மட்டும் நிறைக்குள் போடவில்லை.

மழையில் நனைந்த கொழுந்துக்குத்
தண்ணீர்க் கணக்கென்று இரண்டு கிலோ வெட்டுவார்கள் தோட்டத்தில்.
இங்கே பின்னேரம் மூன்று மணிக்குப்
பனி இறங்கும்போது
சாக்குகளைத் திறந்து வைக்கச் சொல்கிறார்கள்.
உப்பு பனியைக் குடிக்கும்.
ஐம்பது கிலோ ஐம்பத்தொன்றாகும்.
இரண்டு தராசுக்கும் நடுவே
வாய் மூடி நிற்கப் பழகியவள் நான்.
ஆனாலும் பார்த்திருக்கிறேன்,
அந்த நேரம் கணவாயின் கால்கள் இளகும்.
பலகை இடுக்கில் நான் செருகி வைத்த கடல்குதிரை
வாலின் சுருளைக் கொஞ்சம் விடும்.
நாலாயிரம் அடி உயரத்தில்
உப்பில்லாமல் வந்து தொடும் இந்தத் தண்ணீரை
அது என்னவென்று நினைக்குமோ.

லொறிக்கார இம்மானுவேலிடம் கேட்டேன்,
கடல் எப்படி இருக்கும்?
பெரிசு, நீலம் என்று ஆரம்பிக்காமல்
சூடா இருக்கும் என்றான்.
சூடாவா?
மத்தியானம் இடுப்பளவில நிண்டா வெந்நீர்தான் அக்கா.
சில வருசம் முருகைக்கல்லே தாங்காம வெளுத்துப்போகும்.

அன்று இரவு பீலிக்கரையில்
தலைக்கு ஊற்றும்போது பல் அடித்தது.
ஒரு கட்டு விறகில் எத்தனை சட்டி சுடும் என்று
கணக்குப் பார்த்துக் குளிக்கிற எனக்கு
அடுப்பே இல்லாமல் அவ்வளவு வெந்நீரா?
எங்கள் ஊரிலும் தண்ணீர் உண்டு.
பழைய கடைவீதியையே மூடிக்கொண்டு கிடக்கிறது.
வரட்சியில் கோயில் மட்டும் தலை காட்டும்.
அதில் கால் வைத்தால் எலும்பு விறைக்கும்.
வெந்நீரில் பிறந்து
வெந்நீரிலேயே திரிந்ததுகளா
இந்தக் குளிரில், என் முறத்தில்?
இரக்கம் என்று சொல்ல வந்தேன்.
இல்லை, பொறாமைதான்.

இன்று லொறி பிந்தி வந்தது.
கினிகத்தேனையில் மண் சரிந்து பாதை அடைத்ததாம்.
சாக்கை அவிழ்த்து முழங்கை வரை கையை விட்டேன்.
மேலே குளிர்.
நடுவில்,
எல்லாம் நெருக்கிப் படுத்திருந்த இடத்தில்
இன்னும் கொஞ்சம் சூடு இருந்தது.

பேத்தை அகப்பட்டதா என்று
முன்னாலிருந்து குரல் கொடுக்கிறார் முதலாளி.
தேடுகிறேன் என்கிறேன்,
கையை எடுக்காமல்.